பட்டியல் வேண்டாம், தேடும் வழியை அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் பயணப் பக்கத்தில் ‘சுற்றுலாப் பயணிகள் அறியாத இடங்கள்’ என்று அவ்வப்போது பட்டியல் போடுகிறீர்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு புது ஊரில் இறங்குகிறவருக்குத்தான் பெரிய உதவி கிடைப்பதில்லை. சில கடைகள் மூடியிருக்கும், சில கைமாறியிருக்கும், மீதியில் அதே பக்கத்தைப் படித்துவிட்டு வந்தவர்களே வரிசை கட்டி நிற்பார்கள். ஊரறிந்த பத்திரிகையில் அச்சான பிறகு ஓர் இடம் யாரும் அறியாததாக எப்படி இருக்கும்? பெயர்களை விட்டுவிட்டுத் தேடும் முறையை எழுதச் சொல்லுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம். எந்த ஊருக்கும் பொருந்துகிற முறை அது. நீளமாகத்தான் எழுதியிருக்கிறேன், வேண்டியதை வெட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கடையோ சந்தையோ உள்ளூர்க்காரர்களுக்கானதா என்பதை அதன் பழமையோ, காரை பெயர்ந்த சுவரோ, மலிவு விலையோ சொல்லிவிடாது. நடத்துகிறவர் யாரை நம்பிக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். நாளைக்கும் அடுத்த வாரமும் திரும்பி வரப்போகிறவரை நம்பியிருந்தால், அளவில் கைவைக்க முடியாது, பழையதைச் சூடாக்கித் தர முடியாது, ஆளுக்கொரு விலை சொல்ல முடியாது. வாழ்நாளில் ஒரே முறை வந்து போகிறவரை நம்பியிருந்தால் எல்லாமே முடியும். அவர் கோபித்துக்கொண்டு போனாலும் அடுத்த பேருந்தில் வேறு ஆள் வந்து இறங்குவார். ஆகவே புது ஊரில் தேட வேண்டியது திரும்பி வருகிறவர்களின் தடத்தை.

முதலில், எந்தத் தெருவுக்குப் போவது என்பது. புகழ்பெற்ற கோட்டையோ கோபுரமோ இருக்கிற இடத்தில், அதன் வாசலிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடை வாடகை ஏறியிருக்கும். அந்த வாடகையைக் கட்டுவதற்கு ஒரு முறை வந்து போகிற கூட்டம்தான் தோது. அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்தால் நிலைமை மாறத் தொடங்கும். நடுவே ஒரு ரயில் பாதையோ, அகலமான சாலையோ, ஆறோ, செங்குத்தான ஏற்றமோ குறுக்கிட்டால் மாற்றம் சட்டென்று தெரியும். கூட்டம் அதைத் தாண்டச் சோம்பல்படும். ஆனால் தாண்டிய பிறகு வெறும் குடியிருப்பாக இருந்தால் கால் வலிதான் மிச்சம். அதனால் எதை விட்டு விலகுவது என்பதோடு எதை நோக்கிப் போவது என்பதும் தெரிய வேண்டும். உள்ளூர்க்காரர்கள் வேறு வழியில்லாமல் போயே ஆக வேண்டிய இடங்களை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: அரசு மருத்துவமனை, நீதிமன்றம், கல்லூரி, பதிவு அலுவலகம், பேருந்துப் பணிமனை, மொத்த விற்பனைச் சந்தை. இவற்றைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று தெருக்கள் போதும்.

நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கிற சாப்பாட்டுக் கடை ஒன்றை வேலை நாளில் கவனித்தால் இது விளங்கும். பன்னிரண்டரை மணிக்கு வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதிய ஆறேழு வரி இருக்கும். ஒரு மணிக்குள் வழக்கறிஞர்களும் குமாஸ்தாக்களும் கோப்புக்கட்டை மடியில் வைத்துக்கொண்ட கட்சிக்காரர்களுமாக நிரம்பிவிடும். ஒன்றரைக்கு ஒருவர் வந்து துணியால் ஒரு வரியை அழிப்பார். சற்று நேரத்தில் இன்னொரு வரி போகும். இரண்டே காலுக்கு நாற்காலிகள் மேசைமேல் ஏறிவிடும். அழிகிற அந்த வரிகள்தான் அன்றன்றைக்குச் சமைத்து அன்றன்றைக்குத் தீர்கிறது என்பதற்குச் சாட்சி. எந்த நேரமும் எல்லாமும் கிடைக்கும் என்கிற கடையில் குளிர்பதனப் பெட்டி பெரியது என்று பொருள். அதே நீதிமன்றக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் ஷட்டர் இறங்கியிருக்கும். அதுவும் நல்ல அடையாளமே. விடுமுறை நாளில் மட்டும் பொங்கி வழிகிற கடை வெளியூர்க் கூட்டத்தைக் குறிவைத்தது.

கிளம்புவதற்கு முந்தின இரவு வரைபடச் செயலியில் அரை மணி நேரம் செலவிட்டால் மறுநாள் பாதி அலைச்சல் குறையும். பலரும் செய்கிற பிழை, ஆங்கிலத்தில் ‘சிறந்த உணவகம்’ என்று தேடுவது. ஆங்கிலத்தில் தேடினால் ஆங்கிலத்தில் தன்னை விளம்பரப்படுத்திக்கொண்ட கடைகள்தான் முன்னே வந்து நிற்கும். அந்த ஊர் மொழியில், அந்த ஊர் எழுத்தில் தேட வேண்டும். மொழி தெரியாதே என்றால் வழி இருக்கிறது. தேடும் பொருளைப் பற்றிய விக்கிபீடியா கட்டுரையைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ திறந்து, பிற மொழிகளின் பட்டியலில் அந்த ஊர் மொழியைத் தொடுங்கள். வருகிற பக்கத்தின் தலைப்பை அப்படியே நகலெடுத்து வரைபடத்தின் தேடல் கட்டத்தில் ஒட்டுங்கள். தேடும் முன், திரை ஓரத்திலுள்ள அளவுகோல் 200 மீட்டர் என்று காட்டுகிற அளவுக்கு நெருக்கமாகப் போய்விடுங்கள். ஊர் முழுவதையும் திரையில் வைத்துத் தேடினால் விளம்பரம் கொடுத்தவர்களும் பெரிய கடைகளும்தான் தெரிவார்கள், சின்னக் கடைகளின் புள்ளி மறைந்துபோகும். தெருத் தெருவாக நகர்த்தி ‘இந்தப் பகுதியில் தேடு’ என்பதை அழுத்திக்கொண்டே போக வேண்டும். சலிப்பான வேலைதான்.

அடுத்து விமர்சனங்கள். நட்சத்திர எண்ணிக்கையைக் கடைசியாகப் பாருங்கள். 2017-இல் லண்டனில் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்னும் பயண விமர்சனத் தளத்தில் பதிவு செய்து, நண்பர்களை விட்டுப் பொய் விமர்சனம் எழுதவைத்து, நகரத்திலேயே முதல் இடத்துக்கு அதைக் கொண்டுவந்துவிட்டார். ‘தி ஷெட் அட் டல்விச்’ என்பது அதன் பெயர். முதலிடம் பிடித்தபோது அங்கே ஒருவர்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. அதன்பிறகு சட்டங்கள் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் பொய் விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இருந்தாலும் நட்சத்திரத்தை மட்டும் நம்பிப் போவதற்கில்லை. மேலும், மதிப்பெண் போடுவதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கை இருக்கிறது. ஜப்பானியர்கள் பயன்படுத்தும் டேபலாக் என்னும் உணவக விமர்சனத் தளத்தில் 3.5 என்பதே நல்ல கடைக்கான அடையாளம். நாலரைக்குக் கீழே எதையும் தொடமாட்டேன் என்று பழகியவர் அங்கே நல்லதையெல்லாம் தவறவிட்டுவிடுவார்.

பார்க்க வேண்டியவை வேறு. விமர்சனங்களைப் ‘புதியவை முதலில்’ என்று வரிசைப்படுத்துங்கள். செயலி தானாகக் காட்டுகிற வரிசையில் பழைய புகழுரைகள் மேலே நிற்கும். செயலி எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக் காட்டுவதால் எந்த மொழியில் எழுதினார்கள் என்பது தெரியாமல் போகிறது. மூலத்தைக் காட்டும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலானவை உள்ளூர் மொழியில் இருந்தால் மேலே போகலாம். பிறகு எழுதியவரின் பெயரைத் தொட்டு, அவர் வேறு எவற்றுக்கு எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பல நாட்டு விடுதிகளுக்கும் விமான நிலையங்களுக்கும் எழுதியிருந்தால் அவர் பயணி. அதே ஊரில் ஒரு பல் மருத்துவருக்கும் பஞ்சர் கடைக்கும் வங்கிக் கிளைக்கும் எழுதியிருந்தால் அவர் அங்கே குடியிருக்கிறவர். பல் வலிக்கும் பஞ்சருக்கும் யாரும் சுற்றுலா போவதில்லை. குடியிருக்கிறவர் போட்ட மூன்று நட்சத்திரமும் நான்கு வரிக் குறையும், பயணியின் ஐந்து நட்சத்திரத்தைவிட அதிகம் சொல்லும். ‘இப்போது அளவு குறைந்துவிட்டது’, ‘பழைய மாஸ்டர் போய்விட்டார்’ என்றெல்லாம் திரும்பத் திரும்பப் போகிறவர்தான் எழுத முடியும்.

கூகுள் வரைபடத்தில் இன்னும் இரண்டு கருவிகள் உண்டு, பலர் கண்டுகொள்வதில்லை. ஒன்று, எந்த நேரத்தில் எவ்வளவு கூட்டம் என்று காட்டும் பட்டை வரைபடம். எண்ணிக்கையை விடுங்கள், வடிவத்தைப் பாருங்கள். வேலை நாளில் காலை ஒரு மேடு, மதியம் ஒரு மேடு என்று குறுகலாக எழுந்து விழுந்தால் அது அலுவலகக் கூட்டம். காலை 11 முதல் மாலை 5 வரை தட்டையாக நீண்டு, சனி ஞாயிறுகளில் உயர்ந்தால் அது ஊர் சுற்ற வந்த கூட்டம். சின்னக் கடைகளுக்குப் போதிய தரவு இல்லாமல் இந்தப் பட்டை வராமலும் போகலாம். அதை வைத்துக் கடையைத் தள்ளிவிட வேண்டாம். இன்னொன்று ஸ்ட்ரீட் வியூ, தெருவில் நின்று பார்ப்பதுபோல் படம் காட்டும் வசதி. 2014 முதல் அதில் ஒரே இடத்தின் பழைய படங்களையும் தேதி வாரியாகப் பார்க்க வசதி இருக்கிறது. கணினியில் பார்ப்பது எளிது. பத்து வருடம் பின்னால் போய்ப் பாருங்கள். சுற்றியிருந்த கடைகளெல்லாம் பெயர் மாறி நடுவில் ஒரு பலகை மட்டும் அப்படியே இருந்தால், அந்தக் கடையை யாரோ விடாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். எல்லா நாட்டிலும் எல்லாத் தெருவுக்கும் இந்தப் படம் இருக்காது.

எல்லா ஊரிலும் கூகுளே கதி என்றும் இருக்கக்கூடாது. தென்கொரியாவில் உள்ளூர்க்காரர்கள் திறப்பது நேவர் மேப்பையும் காகாவோ மேப்பையும். சீனாவில் கூகுள் முடக்கப்பட்டிருக்கிறது. அங்கே வழிக்கு ஆமாப் அல்லது பைடு, கடைக்கு டியான்பிங். 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால், வணிகச் செயலிகள் சட்டைசெய்யாதவை அதில் கிடைக்கின்றன: குடிநீர்க் குழாய், பொதுக் கழிப்பறை, ஒற்றையடிப் பாதை, படிக்கட்டு, உட்காரும் பலகை. ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகளில் அதை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். மொழிபெயர்ப்புச் செயலியில் அந்த மொழியின் கோப்பையும் விடுதியிலேயே இறக்கிக்கொள்ள வேண்டும். அடித்தளத்துக் கடைகளிலும் சந்தைக் கொட்டகைகளிலும்தான் சிக்னல் அடிக்கடி காலைவாரும்.

இனி மனிதர்களிடம் கேட்பது. இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள், காரணம் கேள்வி. ‘இங்கே நல்ல இடம் எது?’ என்றால், எதிரே நிற்பவர் உங்களைப் பார்த்து உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர் நினைக்கிற இடத்தைச் சொல்வார். ஊர் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கொஞ்சம் பெரிய இடமாகவே சொல்வார். தான் போகிற இடத்தைச் சொல்லக் கூச்சம் வேறு. கேள்வியை மாற்றுங்கள். ‘நேற்று மதியம் எங்கே சாப்பிட்டீர்கள்?’ ‘வீட்டில் சமைக்காத நாளில் எங்கிருந்து வாங்கிக்கொண்டு போவீர்கள்?’ ‘இந்தச் சட்டைத் துணியை நீங்கள் வாங்குவதென்றால் எந்தத் தெருவுக்குப் போவீர்கள்?’ நடந்த விஷயத்தைக் கேட்டால் நடந்த பதில் வரும். கூடவே எல்லையும் சொல்லுங்கள்: இப்போது, நடந்து போகிற தூரத்தில், ஒரு ஆளுக்கு. எல்லை குறுகக் குறுகப் பதில் கூர்மையாகும்.

யாரிடம் கேட்பது என்பதும் உண்டு. நீங்கள் எங்கே போனாலும் லாபமோ நட்டமோ இல்லாத ஆளாக இருக்க வேண்டும். மருந்துக் கடைக்காரர், தையற்காரர், முடிதிருத்துபவர், எழுதுபொருள் கடைக்காரர், சலவைக் கடைக்காரர் நல்ல ஆட்கள். அவர்கள் நாள் முழுக்க அதே தெருவில் இருப்பவர்கள், தினமும் எங்கோ சாப்பிட்டாக வேண்டியவர்கள். ஒரு பேனாவோ சோப்போ வாங்கிவிட்டுக் கேட்டால் முகம் கொடுத்துப் பேசுவார்கள். கடையில் கூட்டம் இருக்கும்போது கேட்காதீர்கள். விடுதி வரவேற்பில் இருப்பவருக்குக் கமிஷன் ஏற்பாடு இருக்கலாம். அவரிடம் ஊர் நிலவரம், கடைசிப் பேருந்து நேரம் போன்றவற்றைக் கேளுங்கள், அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. சுற்றுலாத் தலத்தின் வாசலில் சவாரிக்குக் காத்திருக்கும் ஓட்டுநரிடமும் இதே எச்சரிக்கை. ஆனால் ஓட்டுநர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தாங்களே உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தைப் பார்த்தால் நம்பி நுழையலாம். ஒருவர் சொன்னதோடு கிளம்பிவிடாமல் மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பேர் வாயில் ஒரே பெயர் வந்தால் போதும்.

வழி கேட்கும்போது ‘சந்தைக்கு இப்படித்தானே போக வேண்டும்?’ என்று கேட்காதீர்கள். பல ஊர்களில் இல்லையென்று சொல்வது மரியாதைக் குறைவு. தெரியாதவரும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். ‘சந்தை எந்தப் பக்கம்?’ என்று கேட்டுவிட்டு அவர் கையைப் பாருங்கள். கை தயங்கினால் அடுத்த ஆளைக் கேட்கலாம்.

இங்கே ஒரு விதியைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டாலும் தகும்: நீங்களாகப் போய்க் கேட்ட ஆளை நம்பலாம், தானாக உங்களைத் தேடி வந்து பேசுகிற ஆளிடம் நிதானம் வேண்டும். பாங்காக் அரண்மனை அருகே ‘இன்று மூடியிருக்கிறது, வேறு நல்ல இடத்துக்கு அழைத்துப் போகிறேன்’ என்று சொல்லி நகைக் கடையில் கொண்டுபோய் விடுகிறவர்களும், பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் ‘ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும், தேநீர் குடிக்கலாம் வாருங்கள்’ என்று அழைத்துப் பெரும் தொகைக்குப் பில் நீட்ட வைக்கிறவர்களும் பல காலமாக இருக்கிறார்கள். பயணிகளின் ‘உள்ளூர் அனுபவம்’ ஆசையைத்தான் அவர்கள் விற்றுக் காசாக்குகிறார்கள்.

கடை வாசலுக்கு வந்துவிட்டீர்கள். உள்ளே நுழையும் முன் எதிர்ப்புறம் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். வாசலில் ஆள் நின்று கூப்பிடுகிறாரா, உணவுப் பட்டியல் ஐந்தாறு மொழிகளில் கொடிப் படத்தோடு இருக்கிறதா, பெயர்ப் பலகையே ‘அசல்’, ‘பாரம்பரியம்’ என்று சத்தியம் செய்கிறதா என்பதெல்லாம் எல்லாரும் சொல்வது. அவற்றைவிட, வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பது மேல். பட்டியலைப் பார்க்காமலே சொல்கிறார்களா? உட்காருவதற்கு முன்பே அவர்கள் முன்னால் ஏதாவது வைக்கப்படுகிறதா? பில்லைப் படிக்காமல் பணம் தருகிறார்களா? தனியாக வந்து சாப்பிடுகிறவர்கள், சீருடைக்காரர்கள், வயதானவர்கள், பள்ளிப் பையோடு பிள்ளைகள் இருக்கிறார்களா? வாசலில் நிற்கும் வண்டிகளின் பதிவெண் எந்த ஊருடையது? வீட்டுப் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போகிறவர் ஒருவரைப் பார்த்துவிட்டால் அதற்கு மேல் விசாரணை வேண்டாம். வெறும் வரிசையை நம்பாதீர்கள். ஒரு நிமிட வீடியோ ஒன்று பரவினால் அடுத்த வாரமே வரிசை உண்டாகிவிடும். அதில் நிற்பவர்கள் எல்லாரும் கையில் ஃபோனை உயர்த்திப் பிடித்திருப்பார்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். உச்சக் கூட்டத்துக்கு இருபது நிமிடம் முன்பு போய்விட்டால், பரிமாறுகிறவருக்குப் பதில் சொல்ல நேரமிருக்கும், எல்லாப் பொருளும் இருக்கும், உங்களால் யாருக்கும் இடைஞ்சலும் இராது. பக்கத்து மேசையில் என்ன போகிறது என்று பார்த்து அதையே, முதலில் சிறிய அளவில் கேளுங்கள். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நோட்டையோ வெளிநாட்டு அட்டையையோ நீட்டினால் இப்படிப்பட்ட கடைகளில் வேலை நின்றுவிடும். மறுநாளும் அதே இடத்துக்குப் போங்கள். புதுப்புது இடமாகத் தாவுகிறவருக்கு எல்லா இடத்திலும் முதல் நாள் உபசாரம்தான் கிடைக்கும்; இரண்டாம் முறை வந்தவரிடம்தான் ‘அதை விடுங்கள், இன்று இது நன்றாக இருக்கிறது’ என்ற பேச்சு வரும்.

சந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சந்தை யாருக்காக நடக்கிறது என்பதை அது எதை முழுசாக விற்கிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம். வெட்டாத மீன், மண் ஒட்டிய கிழங்கு, மூட்டை அவிழ்த்த தானியம், கத்தி தீட்டுகிறவர், செருப்புத் தைப்பவர் என்றிருந்தால் வீட்டுக்கு வாங்கிப்போகிறவர்கள் வருகிறார்கள். நறுக்கிய பழம் பிளாஸ்டிக் கோப்பையில் முள்கரண்டி குத்தி வைக்கப்பட்டிருந்தால், நின்ற இடத்திலேயே தின்றுவிட்டுப் போகிறவர்களுக்காகச் சந்தை மாறிக்கொண்டிருக்கிறது. கூட்டம் படமெடுக்கத் திரளும்போது வாங்க வருகிறவர் ஒதுங்குவார். அவர் ஒதுங்கியதும் மீன்காரர் பழச்சாற்றுக்கு மாறுவார். ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவின் புகழ்பெற்ற பொக்கேரியா சந்தையில் இதே புகார் எழுந்து, 2015-இல் பெரிய சுற்றுலாக் குழுக்கள் நெரிசல் நேரத்தில் நுழையக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். ஊரின் நடுச் சந்தை இப்படி ஆகிவிட்டிருந்தால், இரண்டாவது மூன்றாவது சந்தையைத் தேடுங்கள். எந்தப் பெரிய ஊருக்கும் ஒன்றுக்கு மேல் உண்டு. வாரச் சந்தை என்றால் கிழமை தெரியாமல் போய் வெறும் திடலைப் பார்த்துவிட்டு வருவது சகஜம். விடியலில் தொடங்கி எட்டு மணிக்குள் முடிந்துவிடும் மொத்தச் சந்தையில் சில்லறையாக வாங்க முடியாது, ஆனால் அங்கே சுமை இறக்குகிறவர்களுக்காகத் திறந்திருக்கும் கடைகளில் யாரும் சாப்பிடலாம். நடைபாதையில் நிற்காதீர்கள். தள்ளுவண்டிக்காரர் சத்தம் போடுவது பாட்டு அல்ல, ஒதுங்கச் சொல்கிறார்.

சாப்பாட்டைத் தாண்டியும் ஊர் இருக்கிறது. நூலகம், நகராட்சி நீச்சல் குளம், மாலை நேர விளையாட்டுத் திடல், வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் படகு ஆகியவை எந்தப் பட்டியலிலும் வராது. சாதாரண நகரப் பேருந்தில் ஏறி முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை போய் வருவது ஊரைப் புரிந்துகொள்ள மிக மலிவான வழி. காலை அலுவலக நேரத்தைத் தவிர்த்து பத்து மணிக்கு மேல் ஏறுங்கள், திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சுவரொட்டிகளையும் அறிவிப்புப் பலகைகளையும் ஃபோன் கேமராவால் மொழிபெயர்த்துப் படியுங்கள். உள்ளூர் மொழியில் மட்டும் ஒட்டியிருக்கிற இசைக் கச்சேரி, பள்ளி ஆண்டு விழா, கால்பந்துப் போட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். அந்த ஊர் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பத்தி இன்னும் நல்லது. பத்திரிகை ஆசிரியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கே தவறு நடக்கும் என்பதையும் உங்கள் பக்கத்தில் எழுத வேண்டும். காலியான கடை மோசமான கடை என்று முடிவு கட்டுவது ஒன்று. பல நாடுகளில் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே அடுப்பை அணைத்துவிடுவார்கள். நோன்பு மாதத்தில் பகலில் வெறிச்சோடியிருக்கும். நீங்கள் போன நேரம் தப்பாக இருக்கலாம். மலிவானதெல்லாம் உள்ளூர், உள்ளூரானதெல்லாம் ருசி என்று நம்புவது இன்னொன்று. உள்ளூர்க்காரர்களும் சுமாரான சாப்பாட்டை வழக்கத்துக்காகவும் கடனுக்குக் கிடைப்பதற்காகவும் சாப்பிடுவார்கள். பக்கத்து ஊர்ப் பெருங்கடையின் கிளையில்தான் குடும்பத்தோடு ஞாயிறு மதியம் உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் உண்மை. வயிற்றுக்கு ஒத்துவருமா என்பதற்குக் கடையின் தோற்றம் துப்பு தராது; சரக்கு வேகமாகத் தீர்கிறதா, கண்ணெதிரே கொதிக்கிறதா, எடுத்துப் பரிமாறும் கையே பணத்தையும் வாங்குகிறதா என்று பாருங்கள். நேரம் கழித்து அறிமுகமில்லாத தெருவுக்குள் போகிறவர்கள், முக்கியமாகத் தனியாகப் பயணிக்கும் பெண்கள், அந்த நேரத்தில் அங்கே பெண்களும் பிள்ளைகளும் நடமாடுகிறார்களா என்று பார்த்து நுழைய வேண்டும். ஃபோனில் மின்னேற்றம் முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தேடலை நிறுத்திவிட்டுத் திரும்புவது நல்லது.

இன்னொரு தவறு நமக்கு நேர்வதல்ல, நம்மால் ஊர்க்காரர்களுக்கு நேர்வது. பார்சிலோனாவில் பார்க் குவெல் பூங்கா பக்கம் போகும் 116-ஆம் எண் சிறிய பேருந்தில் சுற்றுலாப் பயணிகள் நிரம்பியதால் அந்த வட்டாரத்து முதியவர்களால் ஏற முடியவில்லை. கடைசியில் 2024-இல் நகர நிர்வாகம் அந்தத் தடத்தையே கூகுள் வரைபடத்திலிருந்து எடுக்க வைத்தது. ஜப்பானின் கியோட்டோ நகரத்துக் கியோன் பகுதியில் அதே ஆண்டு, தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழையத் தடை வந்தது. மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். இரண்டுமே ஊர் சுற்றப் போனவர்களால் வந்த வினை. எட்டுப் பேர் உட்காரும் கடைக்கு ஆறு பேர் குழுவாகப் போனால், தினமும் வருகிற ஆறு பேர் அன்று வெளியே நிற்பார்கள். நான்கு பேருக்கு மேல் என்றால் இரண்டு கடைகளாகப் பிரிந்து போங்கள். ஆட்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுங்கள். மேசை சீக்கிரம் காலியாவதில்தான் கடைக்காரரின் வருமானம் இருக்கிறது.

இத்தனையும் எழுதியது, உங்கள் பயணப் பக்கத்துக்குச் சில கோரிக்கைகள் வைக்கத்தான். ஓர் இடத்தைப் பற்றி எழுதினால் எழுதியவர் போன மாதம், ஆண்டு, கிழமை, மணி ஆகியவற்றைக் கட்டுரையின் தலைப்பிலேயே போடுங்கள். செலவை யார் ஏற்றார்கள், விடுதியா, சுற்றுலா நிறுவனமா, பத்திரிகையா என்று ஒரு வரி இருக்கட்டும். எப்போது போகலாம் என்பதோடு எப்போது போகக்கூடாது என்பதும் வரட்டும். பதினைந்து பேர்கூட உட்கார முடியாத கடையென்றால் கதவு எண்ணும் வரைபட இணைப்பும் வேண்டாம். வட்டாரத்தின் பெயரும், அங்கே எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் போதும், உண்மையில் வேண்டுகிறவர் கேட்டுக் கண்டுபிடித்துக்கொள்வார். கடையின் பெயரை அந்த ஊர் எழுத்திலும் அச்சிடுங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் இருந்தால் அங்கே யாரிடமும் காட்ட முடியாது. பழைய கட்டுரைகள் உங்கள் இணையதளத்தில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. மூடிய கடைகளை வாசகர்கள் தெரிவிக்க ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்து, வந்த திருத்தங்களை அந்தந்தக் கட்டுரையின் மேலேயே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பயணப் பக்கத்தின் தொடர் வாசகர்